குத்தாலம் அருகே ஒரு பழைய ரைஸ் மில்: நிவேதா கட்டிய ஆற்றங்கரைப் பூங்கா

இந்தப் பயணத்துக்குக் காரணம் பொறாமை. வேறு எதையாவது எழுதலாம் என்றுதான் பார்த்தேன், வரவில்லை.

காவிரிக் கரையில் மூடிக்கிடந்த ரைஸ் மில்லைப் பூங்காவாக வடிவமைத்தவள் நிவேதா, கட்டிடக்கலைக் கல்லூரியில் என் வகுப்பு. மில்லைச் சுற்றி அவள் தாத்தாவுக்கு நிலம் இருந்ததாம். நில உச்சவரம்புச் சட்டத்தில் போனது போக மிச்சத்தை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போன குடும்பம். என் அம்மா அதே மில் களத்தில் பதினைந்து வருடம் நெல் காயவைத்தவர். இறுதியாண்டு வடிவமைப்புக்கு நான் எடுத்ததும் இதே மில்தான். "களத்தை ஏன் சும்மா விட்டிருக்கே?" என்று தேர்வாளர் கேட்டபோது வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பின்வரிசையில் நிவேதா இருந்தாள். இப்போது அவளும் களத்தை விட்டுவைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது என்னிடமிருந்து எடுத்த யோசனையா என்று பார்க்கத்தான் போனேன்.

ஐப்பசி ஞாயிறு, காலை 6.20-க்குத் தஞ்சாவூரில் பஸ். கும்பகோணத்தில் மாறி, திருவிடைமருதூர் வழியாக 65 கிலோமீட்டர். 8.45-க்குக் குத்தாலம். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் ஆட்டோ.

"ஆத்தங்கரை பார்க்குக்குப் போகணும்ணே."

"மில்லுன்னு சொல்லுங்க. பார்க்குன்னா இங்க யாருக்குத் தெரியும்?"

எண்பது ரூபாய் கேட்டார். பேரம் பேசக் கூச்சம், கொடுத்துவிட்டேன். நீங்கள் அறுபது கொடுங்கள்.

பூங்கா நன்றாக இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். புகைபோக்கியை இடிக்காமல் அதன் நிழல் விழும் பக்கம் பெஞ்சுகள். கரை சரியாமல் இருக்க வெட்டிவேர். நீர் ஏறினாலும் இறங்கினாலும் கால் நனைக்க முடிகிற அகலமான படிகள். ஒவ்வொன்றிலும் குறை தேடினேன், கிடைக்கவில்லை.

களத்தில் கிடைத்தது. முன்தினம் நல்ல மழை. புதுக் கல் பதித்த பாதியில் கணுக்கால் அளவு தண்ணீர். கல் பதிக்காத பழைய பாதி உலர்ந்து கிடந்தது. துப்புரவு செய்யும் அக்கா தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"மட்டம் வச்சு மட்டம் வச்சுப் போட்டாங்க. இப்ப நான்தான் தள்ளிக்கிட்டுக் கெடக்கேன். அடுத்த மாசம் அந்தப் பாதியையும் பேத்துட்டுக் கல்லு பதிக்கிறாங்களாம். எனக்கு இன்னொரு தொடப்பம் வாங்கித் தரச் சொல்லணும்."

எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. நான்கு படம் எடுத்தேன், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட. அதற்கு முன் அம்மாவிடம் சொல்லிச் சந்தோஷப்படலாம் என்று கூப்பிட்டேன்.

"களம் மட்டமா இருந்தா ஆகுமாடி? நடுவுல மேடு, ரெண்டு பக்கமும் சரிவு. மழை வந்தா நெல்லை மேட்டுல குவிச்சு மூடிருவோம், தண்ணி ரெண்டு பக்கமும் ஓடிரும். நீ படம் போட்டப்ப அப்படித்தானே போட்ட?"

போனில் இருந்த என் பழைய வரைபடத்தைத் திறந்தேன். களத்தின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஒரே உயர எண்ணை எழுதியிருந்தேன்.

"இல்லம்மா."

"என்னைக் கேட்டிருக்கலாம்ல."

கேட்டிருக்கலாம். அம்மா களத்தில் வேலை செய்தவர் என்று கல்லூரியில் யாருக்கும் தெரியக்கூடாது என்றிருந்தேன். அதனால் வீட்டிலும் கேட்கவில்லை.

படியில் உட்கார்ந்து வகுப்புக் குழுவைத் திறந்தேன், மூடினேன். பேசாமல் இருந்தால் நிவேதாவின் தப்பு முழுதாகும்; பழைய பாதியும் போய்விடும். கடைசியில் படங்களை அவளுக்கு மட்டும் அனுப்பி, மேட்டையும் சரிவையும் எழுதினேன். உடனே பதில்: "இதை யார் சொன்னது?" "அம்மா. அங்க வேலை பார்த்தவங்க" என்று எழுதினேன். அதை எழுதத்தான் நேரமானது.

போகிறவர்களுக்கு: மழைக்கு மறுநாள் போங்கள், ரப்பர் செருப்பு வேண்டாம், வழுக்கும். புதுப் பாதியில் நின்றுவிட்டுப் பழைய பாதிக்கு நடந்து பாருங்கள். வித்தியாசம் காலுக்கே தெரியும். உள்ளே டீக்கடை இல்லை. திரும்ப 11.10 பஸ்.

வியாழக்கிழமை நிவேதா கார் அனுப்புகிறாள், பழைய பாதியைப் பேர்ப்பதற்கு முன் சரிவை அளந்து காட்டச் சொல்லி. அவள் கூப்பிட்டது அம்மாவை, என்னை அல்ல. அம்மா எந்தப் புடவை கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அதிலும் கொஞ்சம் பொறாமை.