மாமாவின் தடித்த கம்பி

அத்தை பகலில் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுபவள். வாரக் கடைசி மாலைகளில் ஓட்டல் உணவுக்கூடத்தில், நான் கீபோர்டு வாசிக்கும் எங்கள் குழுவோடு பேஸ் கிட்டார் வாசிப்பவள். முதலாவது அவள் தேடிக்கொண்ட வேலை. இரண்டாவது, மாமா இறந்ததும் அவள் மேல் வந்து உட்கார்ந்தது.

மாமாவின் கிட்டார், மாமாவின் நாற்காலி, மாமா பூட்டிய கம்பிகள். அவர் பிளாட்வவுண்ட் ரகம்தான் போடுவார். தட்டை நாடாவைச் சுற்றிய கம்பி. விரல் வழுக்கிக்கொண்டு போகும், கீச்சென்ற சத்தமே வராது. அதிலும் நல்ல விறைப்பானது. வருஷக்கணக்கில் மாற்றவில்லை. "பழசானாத்தான் இது பேசும்" என்பார்.

பேசியது. அத்தை வாசித்தால் கூடத்தில் மாமா வாசிப்பதுபோலவே கேட்டது. "அண்ணி, கண்ண மூடினா அண்ணன் பின்னாடி நிக்கறாரு" என்று பாடகி முன்கையை நீட்டிக் காட்டுவாள். மயிர் குத்திட்டு நிற்கும். அத்தை சிரித்துவைப்பாள். வீட்டுக்கு வந்ததும் கிட்டாரை உறையோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, சுவரோரம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அவளுக்கு வாசிக்கப் பிடித்திருந்தது. வெளியே சொன்னதில்லை. இழவு வீட்டில் ருசி கேட்டதுபோல ஆகிவிடுமே.

இடது மணிக்கட்டு வீங்கத் தொடங்கியது. "இஸ்திரிப் பெட்டி, கிட்டார், ரெண்டுல ஒண்ண விடுங்கம்மா. இல்லாட்டி அந்தக் கம்பியயாவது இளக்கமா மாத்துங்க" என்றார் மருத்துவர். இஸ்திரிப் பெட்டி சோறு போடுவது. ஆகவே கம்பி.

"டென்ஷன் கம்மியா, விறைப்பு இல்லாம, பிளாட்வவுண்ட் இருக்கா?" என்று கிட்டார் கடையில் கேட்டாள்.

"ஏங்கக்கா, வீட்டுல இருக்கற டென்ஷனே போதும்னா?" என்றார் கடைக்காரர்.

"வீட்டுல ஒருத்தரும் இல்லப்பா." சொன்ன பிறகு அத்தைக்கே அதில் முழுசாக நம்பிக்கை வரவில்லை.

கடையில் மாட்டியிருந்த கிட்டார்களில் அழுத்திப் பார்த்தாள். ஒன்று தொளதொளவென்று விரலுக்கடியில் நழுவியது. இன்னொன்று, விரல் கேட்டதும் இறங்கி வந்தது. அதுதான் என்றாள்.

"நாலையும் சேத்து மாத்துங்க. ஒண்ணு விறைப்பு, மூணு இளக்கம்னா கை ஏமாந்துடும்."

"சரி" என்று தலையாட்டினாள். வீட்டில் மூன்றைத்தான் மாற்றினாள். கடைசியாக, தடித்த கம்பியின் முறுக்காணியைத் திருகியபோது அதன் சத்தம் முனகிக்கொண்டே கீழே இறங்கியது. இருட்டில் யாரோ படியிறங்குவதுபோல. கை தானாகத் திரும்ப இறுக்கிவிட்டது.

அந்த வாரம் முதல் பாட்டிலேயே தெரிந்தது. மூன்று கம்பிகள் மிருதுவாகப் பாடின. நான்காவதைத் தொட்டால் பக்கத்து அறையில் யாரோ இருமியதுபோல ஒரு மந்த ஒலி. ஒவ்வொரு தடவையும் பாடகி திரும்பிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, ரெண்டு பேர் வாசிக்கற மாதிரி இருக்கு?" என்றான் குண்டூசி என்று நாங்கள் கூப்பிடும் டிரம்மர். வேடிக்கையாகத்தான் சொன்னான்.

அடுத்த பாட்டில் இளக்கத்துக்குப் பழகியிருந்த கை ஏமாந்தது. தடித்த கம்பியில் விரல் அழுந்திய இடத்தில் மணிக்கட்டு பூட்டிக்கொண்டது. அந்த ஒரே சுரம் ஒலித்துக்கொண்டே இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டிலிருந்து தலை தூக்கினார்கள்.

இடைவேளையில், சமையலறைக்குப் போகும் நடையில் அத்தை மீந்த புதுக் கம்பியைப் பையிலிருந்து எடுத்தாள். பாடகி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத மட்டும் கழட்டாதீங்க அண்ணி. அதுவும் போயிட்டா அண்ணன் எங்க போவாரு?"

"எங்கயோ போகட்டும்டி. எம் மணிக்கட்டுலயே எத்தன நாள் குடியிருப்பாரு?"

முறுக்காணியைத் திருகினாள். முனகல் இறங்கியது. குண்டூசி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கழன்ற கம்பி தரையில் சுருண்டு, கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

மறுபாதியில் அத்தை தொடக்கச் சுற்றை வாசித்தாள். இதமான, யாருடையதும் அல்லாத ஒலி. பாடகியின் இடம் வந்தது. அவள் பாடவில்லை; மைக்கைப் பிடித்தபடி எதற்கோ காதுகொடுத்து நின்றாள். சுற்று இன்னொரு முறை வந்து, கடந்தது. கீபோர்டில் நானும் சுற்றை நீட்டினேன்.

மேடையில் ஒருநாளும் வாய் திறக்காத அத்தை சொன்னாள்: "எடு."

பாடகி பாட்டை எடுத்தாள். குரல் நடுங்கியது. அதற்கு ஈடுகொடுக்கும் பதற்றத்தில் அத்தை ஒரு சுரத்தை ஓங்கி அடித்துவிட்டாள். இளக்கமான கம்பி கழுத்துக் கட்டையில் பட்டு கிர்ரென்றது. மாமா ஒருநாளும் செய்யாத பிழை. அவள் காதுமடல் சிவந்தது. அடியை இளக்கிக்கொண்டு மேற்கொண்டு வாசித்தாள்.