பித்தளைத் தட்டால் ஓட்டிய பரிசல்

இன்று, கிருஷ்ணகிரியில் புதிதாகக் கட்டிய அணையில் பரிசல் சவாரி போனோம். தண்ணீரிலிருந்து கோட்டை மலையைப் பார்க்க எனக்கு ஆசை.

"உனக்குத் தலை சுத்தும், கரையிலேயே இரு" என்றார் என் வீட்டுக்காரர்.

கேட்காமல் அவரோடு நானும் ஏறிவிட்டேன்.

நடுவில் பலத்த காற்று. பரிசல்காரரின் கையிலிருந்து துடுப்பு நழுவி மிதந்து போனது. பரிசல் சுழன்றபடி மதகுப் பக்கம் நகர்ந்தது.

"அய்யோ, தேவரே!" என்று பரிசல்காரர் கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு அலறினார். வீட்டுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சாப்பிடக் கொண்டுவந்த பித்தளைத் தட்டை எடுத்துத் தண்ணீரைத் தள்ளினேன்.

"அப்படித்தான் அக்கா, விடாதீங்க!" என்றபடி பரிசல்காரரும் கையால் துழாவினார். எனக்குக் கை வலித்தும் நிறுத்தவில்லை. கடைசியில் துடுப்பை எட்டிப் பிடித்தேவிட்டேன்!

திரும்பும் வழியெல்லாம் கோட்டை மலையை நிதானமாகப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறும் போகிறேன். மூன்று பேருக்கு இடமிருக்கிறது, யார் வருகிறீர்கள்?