வுபித் மறந்த ஐந்து நாட்கள்

பஹிர்தார் நகரில், ஏரிக்கரைச் சாலையில் இருக்கும் ஒரு கணினி அலுவலகத்தில் வுபித்துக்கு ஒரே வேலைதான். யாராவது இணையதளத்துக்குள் நுழைய முடியாமல் வாசலில் நின்றால், ஏன் நிற்கிறார்கள் என்று கண்டுபிடித்து உள்ளே விடவேண்டும். திருடனாக இருந்தால் விடக் கூடாது. இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரிந்த ஆள் அந்தக் கட்டடத்திலேயே தான் ஒருத்திதான் என்பது அவளுடைய அசைக்க முடியாத எண்ணம். பெரும்பாலும் அது உண்மையும்கூட.

நிரல் எழுதக் கற்பதற்கு முன்னால் ஏழு வருடம் ஒரு தொலைபேசி நிறுவனத்தில் புகார் கேட்கிற நாற்காலியில் உட்கார்ந்தவள். ரகசிய எண்ணை மறந்தவர்கள், மறந்ததை ஒப்புக்கொள்ளாதவர்கள், மறக்க வைத்தது நீதான் என்று சண்டைக்கு வந்தவர்கள் என எல்லாரிடமும் திட்டு வாங்கித் தேறியவள்.

"பாஸ்வேர்டை மறக்காத மனுஷன் இன்னும் பொறக்கல. பொறந்தா அவன்மேலதான் எனக்குச் சந்தேகம் வரும்" என்பாள்.

அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வட்டாரத்துப் பிள்ளைகள் மூவாயிரம் பேர். யாருக்கு எந்தப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று தெரிவிக்கும் தளம் இவர்களுடைய கைவேலை. முதல்முறை நுழைகிறவர்கள் பதிவு எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்துத் தங்களுக்கென்று ஒரு கடவுச்சொல் வைத்துக்கொள்ள வேண்டும். தேதியை மூன்று முறை தப்பாகக் கொடுத்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, பொழுது சாயும்வரை. அதற்குள் எதையும் கேட்காதவர்களை மிச்ச இடம் எங்கே இருக்கிறதோ அங்கே தள்ளிவிடுவார்கள். அது இரண்டு நாள் பேருந்து தூரமாகவும் இருக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம், குழுத்தலைவன் தக்மாவி ஒரு கையில் மடிக்கணினியும் மறு கையில் சாப்பாட்டுத் தட்டுமாக வந்தான்.

"நாப்பத்தோரு கணக்கு வுபித். மூணு நாளா முட்டி முட்டி எல்லாமே பூட்டிக்கிச்சு. பாத்தா எல்லாருக்கும் பதிவுல ஒரே பொறந்தநாள். நெஹசே மாசம் முப்பது. வருஷம் மட்டும் முன்னே பின்னே. எவனோ உக்காந்து உண்டாக்கின பொய்க் கணக்கு. மொத்தமா நீக்கிடப் போறேன்."

"மொதல்ல இன்ஜெராவை முழுங்குங்க. வாய்ல வச்சுக்கிட்டே நாப்பத்தோரு பேரை ஒழிச்சுக்கட்ட வேண்டாம்."

"பேர் எங்க இருக்கு? வெறும் கணக்கு."

"இருக்கா இல்லையான்னு கேட்டாத் தெரிஞ்சிடுது" என்று பட்டியலில் முதலாவதாக இருந்த கைபேசி எண்ணை அழைத்தாள். தெப்ரே தாபோர் ஊரிலிருந்து ஸினாஷ் என்ற பெண் எடுத்தாள்.

"அக்கா! மூணு நாளா உங்க நம்பருக்கு அடிக்கறேன், ஒருத்தரும் எடுக்கல. என் பொறந்த தேதி தப்புன்னு மிஷின் சொல்லுது. எங்கம்மா பொய்யா சொல்லுவா?"

"என்ன தேதி போட்ட?"

"மெஸ்கெரெம் மாசம் ஒண்ணு. அப்புறம் ரெண்டு. அப்புறம் மூணு. பூட்டிக்கிச்சு."

"ஏண்டி, பொறந்தநாளா, லாட்டரிச் சீட்டா?"

"தெரியாமயா போட்டேன்? ரூஃபாயேல் திருநாள் மழையில பொறந்தவ நான். புள்ளைங்க எல்லாம் புனித மழைன்னு தெருவுல நனையுதாம், எங்கம்மாவை மட்டும் கட்டிலோட தூக்கிட்டு ஓடினாங்களாம். அந்த மாசத்துக்குத்தான் உங்க தளத்துல கட்டமே இல்லையே! அதான் அடுத்த மாசத்தைப் போட்டுப் பாத்தேன்."

வுபித் தளத்தின் மாதக் கட்டங்களைத் திறந்து பார்த்தாள். ரூஃபாயேல் திருநாள் பகுமே மூன்று. அவர்கள் நாட்டு நாட்காட்டியில் முப்பது முப்பது நாளாகப் பன்னிரண்டு மாதம் போக, வருடக் கடைசியில் மிஞ்சும் ஐந்து நாள்தான் பகுமே, பதின்மூன்றாவது மாதம். தளத்தில் இருந்ததோ பன்னிரண்டு கட்டம். பிள்ளைகளின் விவரத்தை ஏற்றிய பள்ளி எழுத்தர்களும் அந்த மாதத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளான நெஹசே முப்பதைப் போட்டுக் கைகழுவியிருக்கிறார்கள். மூவாயிரம் பேரில் அந்த ஐந்து நாளில் பிறந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டாள். நாற்பத்தொன்று வந்தது.

அந்தக் கட்டங்களை அமைத்தவள் அவளேதான். வெளிநாட்டுக்காரன் செய்துவைத்த நாட்காட்டியை எடுத்து, மாதப் பெயர்களை மட்டும் மாற்றியிருந்தாள். பன்னிரண்டு கட்டத்திலும் பன்னிரண்டு பெயர் கச்சிதமாக உட்கார்ந்ததும் சபாஷ் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். இத்தனைக்கும் அவள் பிறந்தது பகுமே ஐந்து. அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. இப்படி வெட்கப்பட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

ஸினாஷிடமும் தக்மாவியிடமும் ஒளிக்காமல் சொன்னாள். அவன் தட்டைக் கீழே வைத்தான்.

"அப்ப நாப்பத்தொண்ணையும் திறந்து விட்டுடு, முடிஞ்சுது வேலை."

"விடறதா? பகுமேன்னு சொன்னா உள்ள விடுவாங்கன்னு தெரிஞ்சா, திருடனுக்கு அஞ்சு நாள்ல எதுன்னு ஊகிக்க எவ்வளவு நேரமாகும்? பதிவுல இருக்கற நம்பருக்கே அடிச்சுப் பொறந்த தேதியைக் கேக்கணும். பள்ளிக்கூடத்துப் புத்தகத்துல என்ன தேதி இருக்குன்னு தலைமையாசிரியர் வாசிக்கணும். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் பூட்டு திறக்கும். நீங்க இருபது, நான் இருபத்தொண்ணு."

"சாயங்காலத்துக்குள்ளயா?"

"ஏழு வருஷம் இதையேதான் செஞ்சேன். நீங்க போனை எடுங்க."

முதலில் பதின்மூன்றாவது கட்டத்தைச் சேர்த்தாள். கையோடு, 'நீங்கள் தந்த பிறந்த தேதி தவறு' என்றிருந்த வரியை அழித்துவிட்டு, 'எங்கள் பதிவோடு பொருந்தவில்லை, பிழை எங்களுடையதாகவும் இருக்கலாம், அழையுங்கள்' என்று எழுதித் தன் எண்ணையே கீழே போட்டாள். அப்புறம் இரண்டு பேரும் தொலைபேசியை வைக்கவே இல்லை. கொண்டுவந்த காபி ஆறிப்போனது.

பொழுது சாய இன்னும் அரைமணி நேரம் இருந்தபோது நாற்பது பேர் உள்ளே போயிருந்தார்கள். மிச்சம் ஸினாஷ் ஒருத்திதான். அவளுடைய தலைமையாசிரியர் துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தார். வுபித் அங்கேயே அழைத்தாள். "செத்தவர் கோவிச்சுக்க மாட்டார் ஐயா, உயிரோட இருக்கறவளுக்குத்தான் நேரம் இல்ல" என்றாள். அவர் பஜாஜ் ஆட்டோ பிடித்துப் பள்ளிக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினார்.

"ஸினாஷ். பகுமே மூணு. எங்க புத்தகத்துல சரியாத்தான்மா இருக்கு. உங்க மிஷின்தான் வாங்க மாட்டேன்னுச்சு."

"தப்பு எங்களுதுதான் ஐயா."

பதிவில் தேதியைத் திருத்திப் பூட்டைத் திறந்தாள். பத்து நிமிடத்தில் ஸினாஷே அழைத்தாள்.

"என் பேரைச் சொல்லி வாங்கன்னுச்சு அக்கா! கோந்தர்ல மருத்துவம் கேட்டிருக்கேன். இருங்க, அம்மா பேசணுமாம்."

கனத்த குரல் ஒன்று வந்தது.

"கட்டத்தைப் போட்டவ நீதானாமே. நீ எப்பம்மா பொறந்த?"

"பகுமே அஞ்சு."

"பெத்தவளுக்கு மறக்குமா அந்த நாளு? நீ எப்படிடீ மறந்த?"

எந்தப் புகாருக்கும் வாயில் பதில் வைத்திருக்கிற வுபித், மன்னிச்சுக்கோங்கம்மா என்று மட்டும் சொன்னாள். போனை வைத்ததும், பகுமே எப்போதும் மழைதானே, நான் பிறந்த அன்று மழையில் என்ன நடந்தது என்று கேட்பதற்காகத் தன் அம்மாவின் எண்ணை அழுத்தினாள்.