படித்ததாகக் கொள்ளப்படும்

என் அம்மாவுக்கு இந்தி தெரியாது. இங்கிலீஷும் தெரியாது. தமிழிலும் கடற்கரைத் தமிழைத் தாண்டிப் போனால் அவளுக்கு எல்லாமே ரேடியோ செய்திதான். அப்படிப்பட்டவள் ஒரு கூட்டத்தொடர் முழுக்க, காலையிலிருந்து சபை கலைகிற வரைக்கும், நாடாளுமன்றத்தை டிவியில் பார்த்தாள். பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவில் வேறு யாரும் அந்தச் சேனலைப் பார்த்திருக்க மாட்டார்கள். கேபிள்காரரிடம் கேட்டபோது அவரே, "அதையெல்லாமா பார்ப்பீங்க?" என்று சிரித்தார்.

நாங்கள் பார்த்ததற்குக் காரணம் என் தம்பி. கடலை நம்பிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவன். கட்டுமரம் வேண்டாம், மாதச் சம்பளம்தான் வேண்டும் என்று ஒரு ஏஜெண்டைப் பிடித்து சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனான். கப்பல் ஏதோ ஒரு நாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்ட சமயத்தில் முதலாளி காணாமல் போய்விட்டார். போன் எடுப்பதில்லை, ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. கப்பலை விட்டுவிட்டு ஆட்கள் இறங்கக் கூடாது என்பது அந்தத் துறைமுகத்துச் சட்டமாம். கரை தெரிகிறது, கரையில் கார்கள் போவது தெரிகிறது, இறங்க முடியாது. அரிசி குறைந்துகொண்டே வந்தது. குடிநீரை யாராவது இரக்கப்பட்டுப் படகில் கொண்டுவந்தால்தான் உண்டு. அவனோடு இன்னும் சில தமிழ்ப் பையன்களும் இருந்தார்கள். ஜெனரேட்டரைக் கொஞ்ச நேரம் ஓட்டுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போன் சார்ஜ் ஏறும், அன்றைக்குக் கூப்பிடுவான். ஒவ்வொரு வாரமும் அவன் குரல் மெலிந்துகொண்டே போனது. இளைத்துப்போன உடம்பைக் குரலிலேயே கேட்க முடியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நாங்கள் கொடுத்த மனுக்களெல்லாம் கிணற்றில் போட்ட கல்தான். கடைசியில், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலமாக ஒரு எம்.பி.யின் உதவியாளர் கிடைத்தார். எம்.பி. எங்கள் தொகுதிக்காரர் இல்லை, தூரத்து மாவட்டம். உதவியாளருக்கு மாடம்பாக்கத்தில் வீடு, சபை நடக்கும்போது மட்டும் டெல்லி. நான் தாம்பரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் டோக்கன் போடுகிற வேலையில் இருக்கிறேன். அங்கேதான் பல்லைப் பிடித்துக்கொண்டு வந்தார். வலியோடு வந்த மனிதரிடம் என் வலியைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அக்கா, கடுதாசியெல்லாம் வேஸ்ட். சார் சபையில எழுந்து பேசணும். டிவியில வரணும். நான் அத க்ளிப்பா வெட்டி மந்திரி ஆபீசுக்கும் எம்பசிக்கும் அனுப்புவேன். க்ளிப் ஊரெல்லாம் சுத்துனாதான் அவங்க பயப்படுவாங்க" என்றார்.

கூட்டத்தொடர் தொடங்கிய அன்றே அம்மா சீரியலை நிறுத்தினாள். எந்த எம்.பி. எந்த நாளில் பேசுவார் என்பதை அங்கே பேர்களைக் குலுக்கிப் போட்டுத்தான் எடுப்பார்களாம், அதுவரை பார்த்துப் பயனில்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. "இடம் பழகிக்கினா நல்லதுதானடி" என்றாள். புது மார்க்கெட்டில் மீன்கூடையை இறக்குவதற்கு முன்னால் அவள் அப்படித்தான் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவாள்.

பழகிக்கொண்டாள். மொழி புரியாததால் முகங்களை மட்டும் பார்த்தாள். ஆளுக்கொரு பேர் வைத்தாள். கண்ணாடிக்காரர், தூங்குமூஞ்சி, மஞ்சள் புடவை. நான் வேலையிலிருந்து வந்ததும் அன்றைய நடப்பைச் சொல்வாள். "இன்னிக்கு தூங்குமூஞ்சி கூட எழுந்து கத்துச்சுடி." ஒருநாள் அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள். யார் பேச எழுந்தாலும் அவர் பின்னால் அதே மூன்று நான்கு பேர் வந்து உட்காருகிறார்கள். பேசி முடித்ததும் எழுந்து அடுத்தவர் பின்னால் போகிறார்கள். உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டுகிறார்கள். அதில் எங்கள் எம்.பி.யும் உண்டு. அவர் வாயைத் திறந்து நாங்கள் பார்த்ததே இல்லை, ஆனால் தலையாட்டுவதைத் தினமும் பார்த்தோம்.

டெல்லியிலிருந்த உதவியாளரிடம் போனில் கேட்டேன். "அது டிவிக்காகக்கா. சபை பாதி காலியா கெடக்கும். தனியா நின்னு பேசுனா க்ளிப் நல்லா இருக்காது. அதான் ஒருத்தருக்கொருத்தர் போய் உக்காந்துக்குவாங்க. நம்ம சார் பேசறப்பவும் வந்து உக்காருவாங்க, கவலைப்படாதீங்க" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தம்பி கப்பலில் தண்ணீருக்குத் தவிக்கிறான், இங்கே பின்னால் உட்கார ஆள் சேர்க்கிறார்கள். அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. "கூட்டம் கீற கடைலதான் ஜனம் நிக்கும். சரியாத்தான் பண்றாங்கோ" என்றாள். அதன் பிறகு எங்கள் எம்.பி. யார் பின்னாலெல்லாம் உட்காருகிறார் என்று கவனித்து வைத்தாள். அவர்களெல்லாம் இவருக்குத் திரும்ப வந்து உட்கார வேண்டுமே என்ற கவலை அவளுக்கு.

குலுக்கலில் பேர் வந்துவிட்டது என்று உதவியாளர் சொன்ன ஞாயிற்றுக்கிழமை தம்பியும் கூப்பிட்டான். சொன்னோம். போனை மற்றப் பையன்களிடம் கொடுத்தான். ஒருவன் அழுதான். அந்த வாரம் முழுவதும் நான் ஒரு முட்டாளைப்போல நம்பிக்கையோடு இருந்தேன்.

அந்த நாளில் லீவு போட்டேன். அம்மா குளித்து, நல்ல புடவை கட்டி, டிவிக்கு எதிரே உட்கார்ந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் எங்கள் முறை. ஆனால் காலையிலேயே ஏதோ விவகாரத்துக்காகச் சபையில் கூச்சல். என்ன விவகாரம் என்று இன்றைக்குக் கேட்டால் எனக்கு நினைவில்லை. கத்தியவர்களுக்கும் இருக்காது. "பண்டிகைக்கு பெருங்களத்தூர்ல பஸ் ஏறுறா மாரி அடிச்சிக்கிறாங்கோ" என்றாள் அம்மா. சபை ஒத்திவைக்கப்பட்டது. டிவியில் அறிவிப்பு மட்டும் நின்றது. அம்மா அந்த அறிவிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை.

திரும்பக் கூடியபோதும் கூச்சல். கூச்சல் வந்தால் கேமரா ஆட்களைக் காட்டாது, தலைமை நாற்காலியை மட்டும் காட்டும். அது அங்கே வழக்கமாம். நாற்காலியில் இருந்தவர் காகிதத்தைப் பார்த்து என்னவோ இரண்டு வரி சொன்னார். பிறகு எழுந்து போய்விட்டார். மறுபடி அறிவிப்பு.

"நம்மளுது எப்போடி?" என்றாள் அம்மா.

உதவியாளருக்குப் போன் போட்டேன். உற்சாகமாகத்தான் எடுத்தார்.

"டென்ஷன் ஆகாதீங்கக்கா. நம்ம மேட்டர் முடிஞ்சுது."

"எங்க முடிஞ்சுது? நான் டிவியத்தான பார்த்துட்டு இருக்கேன்?"

"பேச எழுதி வச்சிருக்கறத எல்லாரும் சபை மேசையில வச்சிடலாம்னு நாற்காலியில இருந்தவரு சொல்லிட்டாருக்கா. வச்சாச்சு. படிச்ச மாதிரிதான் கணக்கு. ரெகார்டுல ஏறிடும்."

"யாரு படிச்சது?"

"யாரும் படிக்கலக்கா. படிச்சதா எடுத்துக்குவாங்க."

"சார் எங்க இருந்தாரு?"

"சார் சபைக்கு நடுவுலதான்கா நின்னுட்டு இருந்தாரு. எல்லாரோடயும் சேந்து கோஷம் போட்டாரு. கேமரா அங்க காட்டாதுல்ல, அதான் நீங்க பாக்கல."

"அப்போ க்ளிப்?"

"க்ளிப்புக்கு வழியில்லக்கா" என்றார். அடுத்த கூட்டத்தொடரில் பார்க்கலாம் என்றார். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ஆனாலும் திட்டினேன். அவர் கேட்டுக்கொண்டார், அதுவும் எனக்கு வெறுப்பாக இருந்தது.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? எழுதிக் கொடுத்துவிட்டார்களாம், பேசியது மாதிரிதானாம் என்றேன்.

"பேசுனா மாரின்னா? பேசுனாங்களா, பேசலியா?"

"பேசலம்மா."

"மீனு வித்தா மாரின்னு சொல்லிக்கினு நான் கூடைய கவுத்துட்டு வூட்டுக்கு வந்தா நீங்கல்லாம் சோறு துன்னிருப்பீங்களா?" என்று கேட்டாள். பிறகு டிவியை அணைத்தாள். இந்த நாட்டில் எங்களுக்கு நாதியில்லை என்று அந்த இருட்டுக் கண்ணாடியைப் பார்த்தபோது தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி கூப்பிட்டான். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். மறைத்து வைத்து அவனை ஏமாற்றுவதில் என்ன இருக்கிறது?

"அக்கா, பேசுனாங்களா? இரு, ஸ்பீக்கர்ல போடறேன். எல்லாரும் இங்கதான் கீறோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பேசுனாங்கடா. என் கண்ணால பாத்தேன்."

அந்தப் பக்கம் சத்தம் எழுந்தது. யாரோ கை தட்டினார்கள். அம்மா சொல்ல ஆரம்பித்தாள். எம்.பி. வெள்ளைச் சட்டையோடு எழுந்து நின்றதைச் சொன்னாள். "அவுரு பின்னாடி நாலு பேரு வந்து உக்காந்தாங்கோ. கண்ணாடிக்காரரு தலைய தலைய ஆட்டுனாரு. மஞ்சப் புடவ மேசயத் தட்டுச்சு. மேல உக்காந்துகினு கீறவரு சீக்கிரம் முடின்னு சொல்லிக்கினே கீறாரு, இவுரு வுடல. கப்பல் பேரச் சொன்னாரு. உன் பேரச் சொன்னாரு." கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். எதிரே அணைந்து கிடந்த டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நடந்ததைப் பார்த்தவள் சொன்னால்கூட இவ்வளவு நன்றாக வந்திருக்காது. எனக்கே ஒரு நிமிஷம் எல்லாம் நடந்துவிட்டது போல இருந்தது.

"அம்மா, எங்க பேருல்லாம்?" என்று வேறொரு பையன் குரல் கேட்டது.

"எல்லார் பேரும் சொன்னாருப்பா. ஒண்ணு வுடல."

கூட்டமாகச் சிரித்தார்கள். அந்தக் கப்பலிலிருந்து சிரிப்புச் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

பிறகு தம்பி கேட்டான். "மந்திரி இன்னாம்மா பதில் சொன்னாரு?"

அம்மாவின் கை அப்படியே நின்றது. அவ்வளவு நாள் பார்த்ததில் எழுந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறாள், பின்னால் வந்து உட்காருகிறவர்களைப் பார்த்திருக்கிறாள், கத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறாள். இந்த மாதிரி விஷயத்துக்கு யாரும் எழுந்து பதில் சொல்லி அவள் பார்த்ததில்லை. போனை என் கையில் திணித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"யக்கா, லைன்ல கீறியா? எல்லாரும் கேக்கறாங்கோ. மந்திரி இன்னா சொன்னாரு?"