எல்லோருக்கும் மூச்சு இருபது

1. பதினொரு படுக்கை

நாகவேணி எங்கள் வார்டுக்கு வந்த முதல் நாள், பதினொரு படுக்கைகளுக்கும் வைட்டல்ஸ் எடுத்துவிட்டு வந்து சார்ட்டை நீட்டினாள். இரண்டாம் வருட நர்சிங் மாணவி. டெம்பரேச்சர் ஆளுக்கு ஆள் வேறு. பல்ஸ் வேறு, பி.பி. வேறு. ரெஸ்பிரேஷன் மட்டும் எல்லோருக்கும் நிமிடத்துக்கு இருபது. ஆஸ்துமாவில் இழுத்துக்கொண்டிருந்த லாரி டிரைவருக்கும் இருபது, ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்த பெரியவருக்கும் இருபது.

"ஏம்மா, இவங்க எல்லாரும் முன்னாடியே பேசி வச்சிக்கிட்டு மூச்சு விடறாங்களா?" என்று கேட்டேன்.

அவள் சார்ட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"நாலாம் பெட்டுக்காரரு காலையிலயே டிஸ்சார்ஜ் ஆயி தொரப்பள்ளி போய்ச் சேர்ந்துட்டாரு. மத்த கட்டமெல்லாம் காலியா இருக்கு, மூச்சு மட்டும் இருபதுன்னு போட்டிருக்க. பரவால்ல, வீட்டுலயும் நல்லாத்தான் இருக்காருன்னு தெரியுது."

அந்த ஒரு பத்தியை மட்டும் மேலிருந்து கீழே முன்கூட்டியே நிரப்பி வைத்துவிட்டாள். இதைப் படிக்கும் மாணவிகளே, சிரிக்க வேண்டாம். உங்கள் சார்ட்டையும் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் காலத்து சார்ட்டும் இதே லட்சணம்தான். டெம்பரேச்சரைத் தெர்மாமீட்டர் சொல்லும், பி.பி.யை மெஷின் சொல்லும். மூச்சை மட்டும் ஒரு முழு நிமிடம் நின்று நாமே எண்ண வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் நம்மிடம் நேரம் இருப்பதில்லை. மொபைலுக்கு இருக்கும்.

நாகவேணியை ரிசப்ஷனில் உட்கார வைத்தேன். வருகிற போகிற பத்துப் பேரின் மூச்சை எண்ணி எழுதிக்கொண்டு வா, எண்ணுவது அவர்களுக்குத் தெரியக் கூடாது என்று சொன்னேன். தெரிந்தால் மூச்சு மாறிவிடும். நோயாளியாக இருந்தால் மணிக்கட்டைப் பிடித்து, நாடி பார்ப்பது போல் முகத்தை வைத்துக்கொண்டு, கண்ணை நெஞ்சின் மேல் வைக்க வேண்டும். நம் தொழிலில் அனுமதிக்கப்பட்ட ஒரே நடிப்பு இதுதான்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். பதினாலு, பதினெட்டு, பதினாறு என்று விதவிதமாக எழுதியிருந்தாள்.

"கேன்டீன் மாஸ்டருக்கு மட்டும் இருபத்தாறு வருது சிஸ்டர். டவுட்டா இருந்துச்சு, கேட்டுட்டேன். மாடிப்படி ஏறி வந்தாராம்."

அதற்குப் பிறகு அவள் எண்ணாமல் எழுதியதில்லை. ஆனால் நான் கேலியை விடவில்லை. 'மீட்டர்' என்று பெயர் வைத்தேன். "மீட்டர் வந்தாச்சா? மீட்டர் சாப்பிட்டாச்சா?" என்று வார்டே கூப்பிட்டது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவளுக்கு எப்படி இருந்தது என்று நான் விசாரிக்கவில்லை.

2. பூ சீசன்

பிப்ரவரி மாதத்தில் அவளுக்குக் கேஷுவாலிட்டி போஸ்டிங் வந்தது. அதற்குள் என்னையும் அங்கே இன்சார்ஜாக மாற்றியிருந்தார்கள். ஓசூரில் எங்களுடையது நடுத்தரமான ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கம்பெனிகளில் விரலை நசுக்கிக்கொண்டவர்கள், ஹைவேயில் விழுந்தவர்கள், தளிப் பக்கத்து ரோஜாத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் என்று வந்துகொண்டே இருப்பார்கள். காதலர் தினம் என்றால் பெங்களூரில் பூங்கொத்து, எங்கள் பக்கம் ஓவர்டைம். பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸ்களில் அந்த வாரம் பூ வெட்டுகிற வேகத்தைப் பார்த்தால் உலகத்தில் இவ்வளவு காதலா என்று சந்தேகம் வரும்.

அப்படி ஒரு நாள் காலை பத்து மணிக்கு எல்லம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஜவளகிரிக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். பாலிஹவுஸில் பூ வெட்டுகிறவர். நான்கு முறை வாந்தி, தலைவலி, உடம்பெல்லாம் வேர்வை. கூட வந்தவர் அந்தத் தோட்டத்தின் சூப்பர்வைசர். நல்ல வாய்.

"காலையில சாப்பிடாம வந்துடுதுங்க சிஸ்டர். உள்ள கொஞ்சம் சூடா இருக்குமில்ல, மயக்கம் போட்டுடுச்சு. ஒரு பாட்டில் போட்டு விட்டீங்கன்னா எந்திரிச்சுக்கும்."

"பூச்சி மருந்து கிருந்து அடிச்சீங்களா உள்ள?" என்று அவரைக் கேட்டேன்.

"அதெல்லாம் சாயங்காலம் ஆளுங்க போனப்புறம்தாங்க அடிப்போம். ஏம்மா, சொல்லு."

எல்லம்மா தலையாட்டினார். நானும் எழுதிக்கொண்டேன். சாப்பிடவில்லை, வாந்தி, மருந்துத் தொடர்பு இல்லை. என் கையெழுத்து அன்றைக்கு மிக அழகாக வந்திருந்தது.

அதே நேரத்தில் ஹைவே விபத்தில் இரண்டு பேரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். டியூட்டி டாக்டர் எல்லம்மாவை ஒரு நிமிடம் பார்த்து, டிரிப்பும் வாந்திக்கு ஊசியும் எழுதிவிட்டு அந்தப் பக்கம் ஓடினார். சலைன் ஏற ஆரம்பித்தது. "வைட்டல்ஸ் எடு" என்று நாகவேணியிடம் சொல்லிவிட்டு நானும் விபத்துக் கேஸுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது சார்ட்டை நீட்டினாள். பல்ஸ் ஐம்பத்தாறு. ரத்தத்தில் ஆக்சிஜன் சாச்சுரேஷன் தொண்ணூற்றைந்து. ரெஸ்பிரேஷன் முப்பத்திரண்டு.

"முப்பத்திரண்டா?" என்றேன். "அந்தம்மா நடந்து வந்துச்சு, உன் கண்ணு முன்னாடிதான பெட்டுல ஏறுச்சு. ஆட்டோ மீட்டர் மாதிரி நம்ம மீட்டருக்கும் யாரோ சூடு வச்சிட்டாங்க போல."

"ஃபுல் மினிட் எண்ணினேன் சிஸ்டர்."

"சாச்சுரேஷன் தொண்ணூத்தஞ்சு இருக்கில்ல. வாந்தி எடுத்தவங்க மூச்சு அப்படித்தான் ஏறி இறங்கும். டாக்டர் பார்த்தா யாரு எண்ணினதுன்னு என்னையத்தான் கேப்பாரு."

சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தேன். முப்பத்திரண்டின் மேல் ஒரே கோடு போட்டு, பக்கத்தில் இருபது என்று எழுதி, இனிஷியலும் நேரமும் போட்டேன். சார்ட்டில் திருத்தினால் அப்படித்தான் திருத்த வேண்டும். பொய்யையும் விதிமுறைப்படி எழுதினேன். எல்லம்மாவின் நெஞ்சை நான் ஒரு வினாடி கூடப் பார்க்கவில்லை.

பல்ஸையாவது யோசித்திருக்க வேண்டும். வாந்தி எடுத்து நீர் வற்றியவருக்கு நாடி ஓட வேண்டும். இவருக்கு நிதானமாக நடந்துகொண்டிருந்தது. உழைத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அனுபவம் கூடக் கூட நமக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்துவிடுகிறது.

3. ஆதார் ஜெராக்ஸ்

நாகவேணி நகர்ந்து போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நேராகச் சூப்பர்வைசரிடம் போய், "சார், பேஷண்ட்டோட ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு வேணும், பக்கத்துல கடை இருக்கு" என்றாள். ஆஸ்பத்திரியில் ஒரு ஆளை இருபது நிமிடம் வெளியே அனுப்ப இதைவிட நல்ல வழி கிடையாது. எங்களுக்கு ஒரு ஜெராக்ஸும் தேவைப்படவில்லை.

அவர் போனதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு எல்லம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் பேச்சுக் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் வீட்டுப் பேச்சு தெலுங்கு. எனக்கும் தெலுங்கு நன்றாகத் தெரியும், அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

கால் மணி நேரத்தில் என்னிடம் ஓடி வந்தாள். பேச்சில் தடுமாற்றம் இல்லை.

"சிஸ்டர், இப்ப முப்பத்தெட்டு. வாயில எச்சி நிக்காம வருது. காலையில ஏழு மணிக்கு மருந்து அடிச்சிருக்காங்க. ஈரம் காயறதுக்குள்ள பூ வெட்ட உள்ள அனுப்பிட்டாங்க. புடவையில இன்னும் அந்த வாசனை அடிக்குது. கண்ணுல டார்ச் அடிச்சுப் பாத்தேன், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கு."

பூச்சி மருந்து விஷம் ஏறியதன் அறிகுறிகள் அத்தனையையும் வரிசையாகச் சொல்லிவிட்டாள்.

"நீங்களே வந்து எண்ணிடுங்க சிஸ்டர்," என்றாள். "நான் சொன்னா டாக்டர் நம்ப மாட்டாரு."

போய் எல்லம்மாவின் கையைப் பிடித்தேன். குளிர்ந்து, சொதசொதவென்று இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். அரை நிமிடத்திலேயே இருபது தாண்டிவிட்டது. மூச்சோடு சேர்ந்து நெஞ்சுக்குள் கொழகொழவென்று சத்தம். அந்த நுரையீரலுக்குத்தான் நான் மேலும் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தேன்.  

டாக்டரைக் கத்திக் கூப்பிட்டேன். டிரிப்பைக் குறைத்து, ஆக்சிஜன் வைத்து, எச்சிலை உறிஞ்சி எடுக்க சக்ஷன் போட்டோம். விஷத்தை முறிக்கும் அட்ரோபின் ஊசி ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. திரையை இழுத்துவிட்டு, கிளவுஸ் மாட்டிக்கொண்டு, நானும் நாகவேணியும் அந்தப் புடவையைக் கழற்றிப் பையில் கட்டினோம். தலைமுடியிலிருந்து கால் வரை சோப்புப் போட்டுக் கழுவினோம். வந்தவுடன் செய்திருக்க வேண்டிய வேலை இது. ஒரு மணி நேரமாக அந்த மருந்தை உடம்பின் மேலேயே சுற்றிப் படுக்க வைத்திருந்தோம்.

ஜெராக்ஸோடு சூப்பர்வைசர் வந்தபோது எல்லம்மா ஐ.சி.யு.வுக்குப் போய்விட்டார். "பாட்டில் முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டார். அவரிடம் டாக்டர் பேசியதை இங்கே எழுத முடியாது. போலீசுக்குத் தகவல் போனது.

4. கோடு போட்டது யார்

மத்தியானம் எல்லம்மாவுக்கு நெஞ்சுச் சத்தம் குறைந்தது. அதற்குப் பிறகுதான் டாக்டர் சார்ட்டை எடுத்து ஆற அமரப் பார்த்தார். நர்சிங் சூப்பரின்டென்டெண்டும் வந்து நின்றார்.

"பத்தே காலுக்கு இருபது. பத்தே முக்காலுக்கு முப்பத்தெட்டு. நடுவுல என்ன ஆச்சு? வைட்டல்ஸ் யாரு எடுத்தது?"

"ஸ்டூடண்ட் எடுத்தது சார்," என்று பக்கத்திலிருந்த ஸ்டாஃப் நர்ஸ் சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் எந்தக் கேள்விக்கும் தயாராக இருக்கிற பதில் அது.

"எண்ணாமயே எழுதியிருக்கா. காலேஜுக்கு லெட்டர் போடுங்க," என்றார் சூப்பரின்டென்டெண்ட்.

நாகவேணி என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். அந்த லெட்டர் போனால் அவளுக்கு அந்த வருடம் வீண். அவள் அப்பா கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்துப் படிக்க வைக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஒன்று சொல்லிவிடுகிறேன். வாயை மூடிக்கொண்டு நின்றுவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. என் இனிஷியல் சின்னதாக, கோழி கிளறியது போல்தான் இருக்கும், யாரும் உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். எத்தனை வினாடி நின்றேன் என்று தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

"அவ எண்ணினது முப்பத்திரண்டு சார். கோட்டுக்குக் கீழ இருக்கு பாருங்க. அடிச்சது நான். நான் எண்ணல," என்றேன்.

இன்சிடென்ட் ரிப்போர்ட்டை நானே எழுதினேன். மெமோ வந்தது. இன்சார்ஜ் பொறுப்பு போய், மூன்று மாதம் ஸ்டெரிலைசேஷன் ரூமில் போட்டார்கள். கத்தரிக்கோல், துணிக்கட்டு, ஆட்டோகிளேவ். மூச்சு விடுகிற எதையும் என்னிடம் கொடுக்கவில்லை. நியாயம்தான். 'மீட்டர்' என்ற பெயரை அன்றோடு விட்டேன். நாகவேணி இன்று வேறு ஊரில் ஐ.சி.யு. ஸ்டாஃபாக இருக்கிறாள். எதிர்பார்த்தபடியே கண்டிப்பானவளாம்.

எல்லம்மா ஆறாம் நாள் வீட்டுக்குக் கிளம்பினார். மன்னிப்புக் கேட்க ஐந்து நாளாகத் தைரியம் வரவில்லை. அன்று போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நடந்ததை அவருடைய தெலுங்கிலேயே சொன்னேன். முப்பத்திரண்டை அடித்து இருபது என்று எழுதியதையும் சொன்னேன். அந்த எண் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை, கையசைத்து ஒதுக்கிவிட்டார். எனக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"நான் மருந்து அடிச்சாங்களான்னு கேட்டப்ப, அவரு இல்லைன்னதுக்கு ஏம்மா தலையாட்டினீங்க? அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் எப்படிச் சொன்னீங்க?"

எல்லம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. கணக்குத் தெரியாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"நீங்க அவரைத்தானம்மா கேட்டீங்க. என் பொண்ணும் அங்கதான் வேலை செய்யுது. அவரை எதிர்ல வச்சிக்கிட்டு நான் எதைச் சொல்றது? அந்தப் பாப்பாதான் என்னையக் கேட்டுச்சு."

இன்றைக்கு ஒரு கல்லூரியில் ஹெல்த் அசெஸ்மென்ட் வகுப்பு எடுக்கிறேன். புத்தகத்தில் நோயாளியை விசாரித்து ஹிஸ்டரி எடுப்பது எப்படி என்று நிறைய தலைப்புகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் படியுங்கள், பரீட்சைக்கு வரும். ஆனால் வேலைக்குப் போகிற முதல் நாள், பேனாவைத் திறப்பதற்கு முன்னால், கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு நோயாளியின் பக்கத்தில் உட்காருங்கள். அவரைக் கேளுங்கள்.