அறிவிப்புக்கு முன்னால் ஒரு மூச்சு

ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்திய பிறகுதான் அவளுக்கு மூச்சு இழுக்க வரும். முதலில் மூச்சு, பிறகு பொத்தான், அதன் பிறகே பேச்சு என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தலையை ஆட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். விரல் பொத்தானில் பட்டதும், மறந்துபோன வேலை ஒன்று நினைவுக்கு வந்ததுபோல நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு ஏறும். பாதி வழியில் லேசாகத் தடுக்கி, பிறகு நிறையும். பேருந்து நிலையம் முழுக்க, கழிப்பறை வாசல் வரைக்கும் அது கேட்கும். அதற்குப் பின்னால்தான் "பயணிகளின் கவனத்திற்கு."

"பஸ்ஸு எங்க போகுதுன்னு மட்டும் சொல்லும்மா. நீ உயிரோட இருக்கறது எங்களுக்கே தெரியும்," என்பார் கண்காணிப்பாளர்.

அந்த மூச்சை ரசித்தவன் ஒருவன்தான். பார்சல் பிரிவில் மூட்டை ஏற்றுபவன். வெயிலோ மழையோ தலையில் தொப்பி இருக்கும் என்பதால் எல்லாருக்கும் அவன் தொப்பி. மதியச் சாப்பாட்டை அவளுடைய அறிவிப்பு அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்றபடியே முடிப்பான். ஒருமுறை அவள், "தொப்பி அணிந்த ஊழியர் உடனே அறிவிப்பு அறைக்கு வரவும்" என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டுத் திட்டு வாங்கினாள். அவன் மூட்டையை நடுவழியில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தான்.

பிறகு ஒருநாள், வேலையை விடப்போவதாகச் சொன்னான்.

"பாட்டு எழுதி நானே பாடப்போறேன். ராப்."

"மாப்பிள்ளை என்ன பண்றார்னு வீட்ல கேட்டா?"

"பாடுறார்னு சொல்லு."

"நீ பாடவா செய்யற? சண்டையில தோத்தவன் திரும்பி நடக்கறப்ப முணுமுணுக்குற மாதிரி இருக்கு."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. அவன் சிரிக்காததில் அவளுக்குக் கோபம். "வேலைய விட்டா என்னையும் விட்டுடு," என்றாள். வாய் முந்திக்கொண்டது. அதன் பிறகு அவன் அழைத்தபோதெல்லாம் போனை எடுக்கவில்லை. அவன் சாப்பிட நிற்கும் இடம் கண்ணில் படக்கூடாது என்று கண்ணாடி முழுக்கப் பழைய கால அட்டவணைத் தாள்களை ஒட்டினாள். கோபம் தணிந்து அவற்றைக் கிழித்தபோது அவன் ஊரிலேயே இல்லை. தானாக அழைக்க வீம்பு விடவில்லை.

அடுத்த வருடம் அவனுடைய பாட்டு வந்தது. முடிவெட்டும் கடையில் ஒலித்தது, ஓட்டுநர்களின் இருக்கைக்குப் பின்னால் ஒலித்தது. பார்சல் பிரிவில் தொப்பியின் படத்தைப் பெரிதாக ஒட்டி வைத்தார்கள். அவள் மட்டும் காதைப் பொத்தாத குறையாக விலகி நடந்தாள். ஆனால் வீட்டில் எங்கே போவது? தங்கை அதைச் சத்தமாக வைத்தாள். வீட்டில் தொப்பியைப் பற்றி அக்கா வாயே திறந்ததில்லை.

"என்னடி இது, பல்வலிக்காரன் புலம்புற மாதிரி," என்றாள் அம்மா.

"ராப்மா. காதல் தோல்வி. ஆரம்பத்துல அந்தப் பொண்ணு விசும்புறா கேளு. அங்கயே எனக்குக் கண்ணு கலங்கிடும்."

துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. அது விசும்பல் இல்லை. பாதி வழியில் தடுக்கி, பிறகு நிறைகிற மூச்சு. அது முடிந்த இடத்தில் அவன் குரல் தொடங்கியது:

*ஊரையெல்லாம் கூப்பிட்ட,*
*என் பேர மட்டும் விட்டுட்ட.*

"கல்நெஞ்சக்காரி," என்றாள் தங்கை. "என் கையில கெடைக்கட்டும்."

"என்ன பண்ணுவ?" என்றாள் அக்கா.

"ஓங்கி ஒரு அறை. அப்புறம் அவன் நம்பர் கேப்பேன்."

அம்மா சிரித்தாள். அக்காவும் சிரிக்க வேண்டியதாயிற்று.

அந்த வரி அவளை உறுத்தியது. போனையே எடுக்காதவள் யாரைக் கூப்பிட்டாளாம்? தாளத்துக்காக எதையோ எழுதியிருக்கிறான். வரி பொய்யாக இருக்கட்டும், மூச்சு பொய்யில்லையே. ஒருத்தியின் மூச்சைப் பத்திரமாக வைத்திருப்பவன் அவளை அடியோடு வெறுத்திருக்க மாட்டான். தப்பு தன்னுடையதுதான் என்று சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் மதியம், இரண்டு பேருந்துகளுக்கு இடையே கிடைத்த ஓய்வில் அவனுடைய பழைய எண்ணைத் திறந்தாள். தொப்பி போட்ட அதே படம் இருந்தது. 'தப்பு என் மேலதான். நான் சிரிச்சிருக்கக் கூடாது. ஒரு தடவை பேசலாமா?' வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். குரல் பதிவை அழுத்தினாள். மூச்சு வந்தது.

"ஏம்மா, துறைமுகம் பஸ்ஸு போயிடுச்சா?" என்று யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். திடுக்கிட்டு விரலை எடுத்தாள். வார்த்தையில்லாமலே பதிவு அவனுக்குப் போய்விட்டது. அழிக்கப் பார்ப்பதற்குள் அவன் கேட்டுவிட்டதற்கான நீலக் குறி விழுந்தது. அவன் தட்டச்சு செய்வதாகக் காட்டியது. பிறகு அதுவும் மறைந்தது. அவன் ஏதாவது சொல்லட்டும், பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். நாள் போகப் போக, இன்னொரு பதிவு அனுப்பும் தைரியமும் போய்விட்டது.

சில மாதம் கழித்து, நின்றிருந்த பேருந்து ஒன்றில் அந்தப் பாட்டு ஓடியது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த டிக்கெட் கவுண்டர் அக்கா காதைத் தீட்டினாள்.

"இந்த மூச்சு நம்ம எடத்துல பதிவு பண்ணது. கேட்டியா, ஊரே கேக்குது."

"எப்பக்கா பண்ணான்?"

"ஊர விட்டுப் போன அன்னிக்குத்தான். துறைமுகத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்தான். உள்ள அவதானேன்னு கேட்டான், ஆமான்னேன். பையோட உன் கண்ணாடிக்கு நேரா போய் உக்காந்துட்டான். மைக்கு உயிர் பெறும்போதெல்லாம் தன்னக் கூப்பிடப்போற மாதிரி நிமிர்ந்து பாத்தான். ரெண்டு பஸ்ஸ விட்டுட்டான்டி. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

"நான் பாக்கலக்கா."

"எப்படிப் பாப்ப? அதான் பூரா தாள ஒட்டி வச்சிருந்தியே." கவுண்டர் அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "மூணாவது பஸ்ஸு வந்தப்ப செல்போன ஒலிபெருக்கி பக்கமா தூக்கிப் பிடிச்சான். துறைமுகம் போறவங்க உடனே ஏறிக்கங்கன்னு நீதான் சொன்ன. ஏறிட்டான்."