காலி ஏணைக்குப் பக்கத்தில் ஒரு ஜெபமாலை

"கிறீச்... கிறீச்..." என்று இரும்பு வளையத்தில் புடவை உரசும் சத்தம், மதியச் சோற்று வாசனையோடு சேர்ந்துதான் இன்றைக்கும் என் நினைவுக்கு வருகிறது. கடலூர் செம்மங்குப்பத்தில் நாங்கள் குடியிருந்தது "லைன் வீடு". நடுவில் ஒற்றைச் சுவர்தான் என்பதால் பக்கத்து வீட்டில் ஏணை ஆடினால் எங்கள் வீட்டில் கேட்கும். புடவையை உத்திரத்தில் தொங்கவிட்டுப் பிள்ளையைத் தூங்கவைக்கும் தூளியைத்தான் எங்கள் பக்கம் "ஏணை" என்போம். அந்தச் சத்தத்தில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டில் பிள்ளை இல்லை.

பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவின் பெண்குழந்தை, தவழ ஆரம்பித்த வயதில் காய்ச்சலில் போய்விட்டது. புதைத்துவிட்டு வந்த பிறகும் அக்கா ஏணையை அவிழ்க்க விடவில்லை. வீட்டுக்காரர் கம்பெனிக்குக் கிளம்பியதும் காலி ஏணையை ஆட்ட ஆரம்பித்துவிடுவார். சோறு இறங்கவில்லை; நாளுக்கு நாள் எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தார். "புள்ள கூப்புடுது, இவளும் போயிடுவா" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். காலி ஏணையை ஆட்டினால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வயிற்று வலி வரும் என்று நம்புகிறவர்கள் நாங்கள். அதனால் கைப்பிள்ளைக்காரிகள் யாரும் அந்த வாசலை மிதிப்பதில்லை.

எங்கள் வீட்டிலும் தம்பி கைப்பிள்ளைதான். ஆனாலும் அம்மா போனார். அக்கா கண்ணில் பிள்ளையைக் காட்டக் கூடாது என்று தம்பியை அப்பாவின் அக்காவிடம் விட்டுவிட்டு, ஒரு சொம்பு கஞ்சியோடு, பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். கஞ்சியை அக்கா பக்கத்தில் வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து ஜெபமாலையை எடுப்பார். எங்கள் சாமி, உங்கள் சாமி என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு மந்திரத்திலும் முன்பாதியை மட்டும் மெல்ல வாய்விட்டுச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் பதிலாகச் சொல்லும் பின்பாதியை மனதுக்குள் சொல்லிக்கொள்வார். ஏன் என்று கேட்டதற்கு, "முழுசையும் நாமளே சொல்லிட்டா கூட இருக்கறவங்களுக்கு எடம் வேணாமா?" என்றார். அந்த மௌனத்தில் ஏணைச் சத்தம் மட்டும் கேட்கும். கேட்கக் கேட்க, அம்மா சொல்லும் ஜெபத்துக்கு ஏணைதான் பதில் சொல்கிறதோ என்று எனக்குக் கைகால் சில்லிட்டுப்போகும்.

எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்துக்குத் தலைவியான பிலோமினா அத்தை நல்ல மனுஷிதான், பொறுமைதான் கொஞ்சம் கம்மி. ஒருநாள் எங்களோடு வந்தவர், யாரையும் கேட்காமல் மந்திரித்த தண்ணீரை வீடெல்லாம் தெளித்து, ஏணைப் புடவையில் ஒரு ஜெபமாலையையும் மாட்டி, "எங்க சாமிகிட்ட வந்துடு செல்வி, இங்க இருக்கறதெல்லாம் ஓடிப்போயிடும்" என்றார்.

செல்வி அக்கா ஏணையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். "எது ஓடணும்? எம் புள்ளயா?"

அன்றோடு அந்தக் கதவு தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. அன்று சாயந்திரமே தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீறிட்டான். ஓமத் தண்ணீருக்கு அடங்கினான் என்றாலும் தெருவே திரண்டு வந்து அம்மாவைத் திட்டியது. "ஒம் மாதா பாத்துக்குவாங்கன்னு போனியே மேரி, பாத்தியா?" என்றார்கள்.

மறுநாள் மதியம் அம்மா கஞ்சிச் சொம்போடு என்னையும் கூட்டிக்கொண்டு அந்தச் சாத்திய கதவுக்கு வெளியே போய் உட்கார்ந்தார். "செல்வி, நேத்து நடந்தது தப்பு. நீ கூப்புடாம உள்ள வரமாட்டேன். இங்கியே இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஜெபிக்க ஆரம்பித்தார். உள்ளே ஏணை ஆடியது. அம்மா பாதி, ஏணை பாதி. திடீரென்று சத்தம் நின்றது.

அக்கா ஏதாவது செய்துகொண்டாரோ என்று அந்தப் புடவையும் அந்த வளையமும்தான் என் கண்முன் வந்தன. கதவைத் தட்ட எழுந்த என்னை அம்மா இழுத்து உட்காரவைத்தார். இன்னொரு முன்பாதியைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

கதவின் அடியிலிருந்து, தவழுகிற பிள்ளையின் உயரத்திலிருந்து, ஒரு குரல் வந்தது.

"அக்கா, எம் புள்ள பேரயும் சேத்துச் சொல்லுங்க."

"சொல்றேம்மா. நீ ஒன் வாயால பேரச் சொல்லு."

"கயல்."

அக்கா கதவோரம் தரையில் சாய்ந்துகிடக்கிறார் என்று எனக்குப் புரிந்த அதே நேரத்தில், உள்ளறையில் ஏணை மறுபடி ஆட ஆரம்பித்தது. அம்மா அந்தப் பேரைச் சொல்லி ஜெபித்தார். ஆட்டம் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. பிறகு கதவு திறந்தது. செல்வி அக்கா வாசலிலேயே உட்கார்ந்து அந்தக் கஞ்சியைக் குடித்தார். அந்த ஏணையை ஆட்டியது யார் என்று பிறகு அம்மாவிடம் கேட்டேன். "யாரா இருந்தா என்ன, அதுக்கும் சேத்துதான ஜெபம்" என்றார்.

ஏணையை அக்கா தன் கையாலேயே அவிழ்த்தார். இப்போது சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்கு டிபன் கடை இருக்கிறது. நெற்றியில் குங்குமத்தோடு மாதா திருநாளுக்கு வந்து எங்களோடு உட்காருவார். ஞானஸ்நானம் வாங்கவில்லை. இத்தனை ஜெபித்து என்ன கண்டாய் என்று பிலோமினா அத்தை கேட்டபோது, "செல்வி கேட்டா நம்ம சாமியப் பத்திச் சொல்லுவேன், கேக்கற வரைக்கும் ஜெபம் பண்ணுவேன்" என்றார் அம்மா.

அம்மா இப்போது இல்லை. லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள். ஏணை கட்ட இப்போதைய வீடுகளில் உத்திரமும் இல்லை. பிள்ளைகள் ஸ்பிரிங் தொட்டிலில் தூங்குகிறார்கள். எங்கள் வீட்டு மாலை ஜெபத்தில், இறந்துபோன எங்கள் சொந்தங்களின் பேரோடு கயல் பேரையும் சொல்கிறோம். யார் அது என்று என் மகள் கேட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றேன்.

"இப்ப அவ எவ்ளோ பெருசா இருப்பா?" என்றாள்.

அது ஆண்டவருக்குத்தான் தெரியும் என்றேன். சொல்லும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது.